கிருமி பொறுக்கிய கடதாசி

ஹில்மிக்கு மறுபடியும் காது நோகத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில். ஐந்து வயதுப் பையன் எழும்பாமல் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தான். தலையணை உறையில் மஞ்சளாக ஏதோ ஈரம் படிந்திருந்தது.

"உம்மா, இவன்ட காதுல இருந்து என்னமோ வடியுது!" என்று கத்தினாள் அவனுடைய அக்கா ஷஹ்மா.

ஷஹ்மாவுக்குப் பதினொரு வயது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மேட்டில் ஏறும் ஒரு ஒழுங்கையில் அவர்கள் வீடு இருந்தது. வாப்பா தாஸிமுக்குக் கண்டி டவுனில் ஒரு கடையில் வேலை. விடியற்காலை பஸ்ஸிலேயே போய்விடுவார்.

உம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, ஹில்மியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"கொதிக்குது! ரெண்டு கிழமைக்கு முந்தித்தானே சுகமாச்சு?"

"சுகமாகல்ல உம்மா. நோவு நின்டிச்சு, அவ்வளவுதான்."

"சரி சரி, போய் வீரய்யா அண்ணனைக் கூட்டிட்டு வா."

அந்த ஒழுங்கையில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் கூப்பிடுவது வீரய்யா மாமாவைத்தான். அவர் ஆட்டோ ஓட்டுபவர். அவருடைய மகள் டிலானியும் ஷஹ்மாவும் ஒரே வகுப்பு, ஒரே மேசை. மாமாவின் ஆட்டோவில், பின் சீற்றுக்குக் கீழே, ஒரு வெனிலா ஐஸ்கிரீம் பெட்டி இருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் மாத்திரைகள். வீடுகளில் மிஞ்சிப்போனவற்றை வீணாக்க மனமில்லாமல் அவர் சேர்த்து வைத்திருந்தார். காய்ச்சல் என்றால் இரண்டு கொடுப்பார். தொண்டை நோவு என்றால் மூன்று. யாரிடமும் காசு வாங்கமாட்டார்.

ஹில்மிக்கு முதல் தடவை காது நோவு வந்தபோதும் அந்தப் பெட்டியில் இருந்துதான் மருந்து வந்தது. பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக மூன்று கூடு மாத்திரைகள். உம்மா அவற்றை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார். இரண்டே நாளில் ஹில்மி ஒழுங்கை முழுக்க ஓடித் திரிந்தான்.

இந்த முறையும் வீரய்யா மாமா பெட்டியோடுதான் வந்தார். மூடியைத் திறக்கப் போனவர், ஹில்மியின் காதைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இது நம்மளால ஆகாது தங்கச்சி. புள்ளையத் தூக்குங்க. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

ஷஹ்மாவும் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். பாலத்தடிச் சந்தியில் வாகனங்கள் அசையாமல் நின்றன. மாமா சட்டென்று பின்னால் எடுத்து, ஒரு கடைக்கும் மதிலுக்கும் நடுவே ஆட்டோவை நுழைத்தார். இரண்டு மேடு, மூன்று வளைவு, யாரோ ஒருவருடைய உடுப்புக் கொடி. எல்லாவற்றையும் தாண்டிப் பெரிய வீதியில் வந்து விழுந்தார்கள்.

"இந்தப் பாதை எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார் மாமா பெருமையாக.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் ஹில்மியின் காதுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது என்றார்.

"இவனுக்குக் காது கேக்காமப் போயிருமா டொக்டர்?" என்று உம்மா கேட்டார்.

"ஒழுங்கா மருந்து குடுத்தா ஓட்டை தானா மூடிக்கும். ஆனா இப்படியே விட்டா ஆபத்து. இதுக்கு முந்தி ஏதாவது அன்டிபயோட்டிக் குடுத்தீங்களா?"

உம்மா கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே வீரய்யா மாமா அவர்களுடைய பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல டொக்டர்" என்றார் உம்மா.

ஷஹ்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளுக்கு விளங்கியது. மாமாவுக்குப் பேச்சு வாங்கித் தரக் கூடாது என்றுதான். ஆனால் டொக்டர் பேனையை எடுத்துவிட்டார். எழுதப் போகிறார்.

"குடுத்தோம் டொக்டர்" என்றாள் ஷஹ்மா. "சிவப்பும் மஞ்சளுமான மாத்திரை. மூணே மூணு. வீட்டுல மிஞ்சினது."

டொக்டரின் பேனை நின்றது. "நல்லவேளை சொன்னே. நான் அதே மருந்தைத்தான் எழுதப் போனேன். இப்ப வேற ஒண்ணு குடுப்போம். காதுல வடியுறதை எடுத்து லெப்புக்கும் அனுப்புவோம்." பிறகு உம்மாவைப் பார்த்தார். "மிஞ்சின மாத்திரையை யாரம்மா குடுத்தது? இப்படி அரைகுறையா குடுக்கிறது புள்ளைக்குச் செய்ற பெரிய அநியாயம்."

ஷஹ்மா திரும்பிப் பார்த்தாள். பை மட்டும் கதவோரத்தில் இருந்தது. மாமா இல்லை.

ஹில்மியை வார்டில் சேர்த்தார்கள். உம்மா அவனோடு தங்கினார்.

மறுநாள் வகுப்பில் டிலானி மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். ஷஹ்மா அழிறப்பர் கேட்டாள். டிலானி அதை ஷஹ்மாவின் கையில் கொடுக்காமல் மேசையின் நடுவில் வைத்தாள்.

"எங்க அப்பா ராத்திரி சோறே சாப்பிடல" என்றாள், ஷஹ்மாவைப் பார்க்காமலே. "நீ காட்டிக் குடுத்திட்டே."

"நான் மாமாட பேரைச் செல்லவே இல்ல, டிலானி."

"பேரைச் சொல்லலன்னாலும் அது தன்னைத்தான்னு அப்பாவுக்குத் தெரியாதா?"

உண்மையைச் சொன்னது பிழை என்று ஷஹ்மாவுக்குத் தோன்றவில்லை. ஆனால் மாமாவை நினைத்தால் நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது.

வீட்டுப் பக்கம் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. எதிர் வீட்டு பர்ஹானா மாமி கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்: "வீரய்யாட மாத்திரையாலதான் அந்தப் புள்ளைட காது போச்சாம். இனி யாரு அவர்ட வண்டியில ஏறுவா?"

"காது போகல்ல மாமி!" என்றாள் ஷஹ்மா. மாமி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் வாப்பா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஹில்மியின் காய்ச்சல் விட்டிருந்தது. உம்மாவின் மடியில் உட்கார்ந்து பாண் துண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரித்ததைப் பார்த்ததும் ஷஹ்மாவின் பாதிப் பாரம் இறங்கிப்போனது.

லெப் முடிவை வாங்கி வரும்படி தாதி வாப்பாவை அனுப்பினார். ஷஹ்மாவும் வாப்பாவுடன் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் அக்கா இருந்தார். கோட்டில் 'நிலூஷா' என்று எழுதியிருந்தது. வாப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஷஹ்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள்.

"அக்கா, என்ட தம்பிட கிருமியைப் பார்க்கலாமா?"

நிலூஷா அக்கா சிரித்துவிட்டார். "எல்லாரும் கிருமியைக் கண்டா ஓடுவாங்க. நீ தேடி வாறியே! கிட்ட வரக் கூடாது. அங்கேயே நின்னு பாரு."

மூடி போட்ட ஒரு சின்ன வட்டத் தட்டை அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிடித்துக் காட்டினார். தட்டு முழுக்கச் செக்கச் சிவப்பு. அதன்மேல் மெல்லிய பனி போலக் கிருமி படர்ந்திருந்தது. இடையிடையே பொத்தான் அளவு வெள்ளைக் கடதாசி வட்டங்கள்.

"ஒவ்வொரு வெள்ளை வட்டத்திலயும் ஒவ்வொரு மருந்து இருக்கு. இதைச் சுத்தி வெறுமையா இருக்கு பார்த்தியா? இந்த மருந்துக்குப் பக்கத்துல கிருமியால வர முடியல. செத்துப் போச்சு."

"இந்த வட்டத்தைச் சுத்தி வெறுமையே இல்லையே? அதுட ஓரம் வரைக்கும் வந்திருக்கு!"

"டொக்டர் எழுதி அனுப்பியிருக்கார். அதுதான் நீங்க முதல்ல குடுத்த மருந்தோட குடும்பத்தைச் சேர்ந்தது."

ஷஹ்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப தம்பிட உடம்பு அந்த மருந்துக்குப் பழகிட்டுதா?"

"பழகினது தம்பி இல்ல. கிருமி."

"கிருமிக்கு யாரு செல்லிக் குடுத்தது?"

நிலூஷா அக்கா தட்டைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது.

"நம்ம எல்லாரோட மூக்குலயும் தொண்டையிலயும் கோடிக்கணக்கான பக்டீரியா குடியிருக்கு. நிறைய ஒண்ணுமே செய்யாது. ஒரு பக்டீரியா செத்தா அது உடைஞ்சு, உள்ள இருக்கிற டி.என்.ஏ வெளிய சிதறும். டி.என்.ஏன்னா, அந்தக் கிருமி எப்படி வாழணும்னு எழுதி வச்சிருக்கிற எழுத்து மாதிரி. தம்பியோட காதுக்குள்ள வந்த கிருமி கெட்டிக்காரக் கிருமி. பக்கத்துல சிதறிக் கிடக்கிற துண்டை உள்ள இழுத்து, தன்னோட எழுத்தோட சேர்த்துக்கும்."

"வேற ஆள்ட துண்டையா?"

"ஆமா. எல்லாத் துண்டும் அதுக்கு உதவாது. ஆனா அந்தத் துண்டுல மருந்துகிட்ட இருந்து தப்பிக்கிற வழி எழுதியிருந்தா? அன்னையில இருந்து இதுக்கும் வழி தெரியும். இதோட புள்ளைகளுக்கும் தெரியும்."

"அப்ப செத்துப்போன ஆள்ட கொப்பியைப் பார்த்து எழுதுது!"

"எழுதி பரீட்சையிலயும் பாஸ் ஆயிருது. அதுதான் தொல்லை."

ஷஹ்மா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. "அக்கா, நாங்க குடுத்த மூணு மாத்திரையாலதான் இது நடந்திச்சா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. இந்தக் கிருமி அந்த வழியை எங்க படிச்சிச்சோ! வேற யாரோட மூக்குல இருந்தும் வந்திருக்கலாம். ஆனா ஒண்ணு நிச்சயம். தேவையில்லாம, அரைகுறையா மருந்து குடுத்தா, வழி தெரியாத கிருமிதான் சாகும். தெரிஞ்சது மிஞ்சும். மிஞ்சினதுக்கு முழு இடமும் சொந்தம்."

இதை வீரய்யா மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று ஷஹ்மா பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாள். ஆனால் அன்று மாமாவின் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பாடசாலை மணி அடித்ததும் டிலானி புத்தகப் பையை வேகமாக மாட்டினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"இனி உங்களுக்கெல்லாம் சந்தோசமா இருக்கும்" என்றாள். "அப்பா அந்தப் பெட்டியை இன்னைக்குப் பாலத்துல இருந்து ஆத்துல வீசப் போறாரு."

"ஆத்துலயா?" ஷஹ்மா துள்ளி எழுந்தாள். "ஐயோ, வா, ஓடு!"

"எதுக்கு? வீசினா நல்லதுதானே?"

"நல்லதில்ல! வாடி, ஓடிக்கிட்டே செல்றேன்!"

டிலானி கோபத்தை மறந்து அவளோடு ஓடினாள். இருவரும் பழக்கடையைக் கடந்து, பஸ்தரிப்பைக் கடந்து, பாலத்தின் நடைபாதையில் ஏறினார்கள். ஷஹ்மா ஓடிக்கொண்டே சொல்லப் பார்த்தாள். வாயில் இருந்து மூச்சுதான் வந்தது.

பாலத்தின் நடுவில் வீரய்யா மாமா நின்றார். பெட்டியின் மூடி திறந்திருந்தது. கீழே மகாவலி கலங்கலாக ஓடியது.

"மாமா! போடாதீங்க!"

அவர் திரும்பினார். "ஏன் புள்ள? இதாலதானே இவ்வளவும்? ஆத்தோட போகட்டும்."

"ஆத்துலயும் கிருமி ஈக்குது மாமா!"

"இருக்கட்டுமே. மருந்து குடிச்சுச் சாகட்டும். மீனுக்கும் காய்ச்சல் நிக்கும்."

டிலானிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஷஹ்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நிலூஷா அக்கா சொன்னதை அப்படியே சொன்னால் மாமாவுக்கு விளங்குமா? அவள் பாலத்தைப் பார்த்தாள். வழக்கம்போல வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன.

"மாமா, இந்த நெரிசல்ல இருந்து தப்பிக்கிற குறுக்குப் பாதை உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நீங்க அதை ஒரு கடதாசியில எழுதி வச்சிருக்கீங்கன்னு நினைங்க. அது ரோட்டுல விழுந்து, வேற டிரைவர் ஒருத்தர் எடுத்துட்டா?"

"எடுத்தா என்ன, அடுத்த நாளே அவனும் அந்தப் பாதையில வந்துருவான். அவனைப் பார்த்து இன்னொருத்தன் வருவான்."

"அவர் வண்டியை மாத்தணுமா? புதுசா எஞ்சின் போடணுமா?"

"தேவையில்லையே. பாதை தெரிஞ்சாப் போதும்."

"கிருமியும் அப்படித்தான் மாமா! மருந்துகிட்ட இருந்து தப்பிக்கிற பாதை ஒரு கிருமிட டி.என்.ஏயில எழுதியிருக்கும். அந்தக் கிருமி செத்து உடைஞ்சா, கடதாசி வெளிய விழும். பக்கத்துல இருக்கிற கிருமி அதைப் பொறுக்கி எடுத்துக்கும். பெறகு அதுவும் தப்பிக்கும்."

மாமா நெற்றியைச் சுருக்கினார். "செத்தவன் சட்டைப்பையில இருந்தா எடுக்குது?"

"ஓ, அதேதான்! இந்த மாத்திரை எல்லாத்தையும் ஆத்துல போட்டா, தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். பாதை தெரியாத கிருமி சாகும். தெரிஞ்சது மட்டும் பெருகும். அதுகள்ட கடதாசிதான் ஆறு முழுக்க மிதக்கும்."

வீரய்யா மாமா ஆற்றைப் பார்த்தார். கரையில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிறுவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

அவர் மெதுவாக மூடியைப் போட்டு அழுத்தினார்.

"அந்த டொக்டரம்மா சொன்னது சரிதான்" என்றார். குரல் அடங்கியிருந்தது. "சின்னப் புள்ளைக்கு அநியாயம் பண்ணிட்டேன்."

"இல்ல மாமா. உங்கட மாத்திரையாலதான் வந்திச்சுன்னு யாராலயும் செல்ல ஏலாதுன்னு லெப்புல இருக்கிற அக்கா சென்னாங்க. அன்னைக்கு நீங்க உடனே வண்டியை எடுக்காட்டி, பெரிய ஆபத்தாப் போயிருக்கும். ஹில்மி நேத்து பாண் சாப்பிட்டான். சிரிச்சான்."

"சிரிச்சானா?" மாமாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தார். "அப்ப இதை என்ன செய்றது? குடுக்கவும் முடியாது, போடவும் முடியாது."

"தெரிஞ்ச ஆள்கிட்டக் கேப்போம்" என்றாள் ஷஹ்மா.

மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள். பின் சீற்றில் டிலானி இந்தக் கோடிக்கே வந்து ஷஹ்மாவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"எனக்கு முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று முணுமுணுத்தாள்.

"நீதான் அழிறப்பரையே கையில தரல்லயே!"

டிலானி அவள் தோளில் ஓர் இடி இடித்தாள். அதோடு சண்டை முடிந்தது.

நிலூஷா அக்கா அவர்களை ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்த பெரியவர் பெட்டியை மேசையில் கவிழ்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பாதிக்கு மேல் திகதி முடிந்தவை. ஒரு மாத்திரை நாய்க்குக் கொடுப்பது.

"நாய் மாத்திரையா?" வீரய்யா மாமா வெலவெலத்துப் போனார். "அதை யாருக்கும் குடுக்கல ஐயா! நல்ல காலம்!"

பெரியவர் சிரித்தார். "மருந்துக் கழிவை எரிக்க இங்க தனி உலை இருக்கு. இதை நாங்க பார்த்துக்கிறோம். இன்னும் எங்கயாவது கிடந்தாலும் கொண்டு வாங்க."

வெளியே வந்த மாமா ஆட்டோவில் ஏறினாலும் சாவியைத் திருகவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"பெட்டியும் போச்சு. இனி ஒழுங்கையில என்னை யாரு தேடி வரப் போறாங்க?"

அப்போதுதான் ஷஹ்மாவுக்கு விளங்கியது. மாமாவுக்கு வலித்தது டொக்டரின் ஏச்சு மட்டும் அல்ல. யாருக்கும் உதவாத ஆளாகிவிடுவோமோ என்ற பயம்தான் அவரைச் சாப்பிடவிடாமல் செய்திருந்தது.

"மாமா, எந்த வீட்டுல எந்த மாத்திரை மிஞ்சியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான். எல்லா வீட்டு அலுமாரியும் எனக்குத் தெரியும்."

"எந்த டொக்டர்ட டிஸ்பென்சரி எத்தனை மணிக்குத் திறக்கும்னு?"

"அதுவும் எனக்குத்தான் தெரியும்."

"அப்ப மிஞ்சின மாத்திரையை எல்லாம் சேர்த்து இங்க கொண்டு வர, வருத்தக்காரரை நேரத்துக்கு டொக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போக, உங்களை விட்டா யாரு?"

மாமா சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரே உதறலில் கிளம்பியது.

மறுநாளே வேலை தொடங்கியது. மாமா ஹோர்ன் அடிக்க, ஷஹ்மாவும் டிலானியும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். முதலில் எல்லோரும் தயங்கினார்கள். ஷஹ்மாவின் கடதாசிக் கதையைக் கேட்டதும் அலுமாரிகள் திறந்தன. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தும், சாமிப் படத்துக்கு அடியில் இருந்தும், ஒரு பழைய சப்பாத்துக்குள் இருந்தும்கூட மாத்திரைகள் வந்தன.

பர்ஹானா மாமி மட்டும் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கரகரத்த குரலில் மாமாவை மெதுவாக அழைத்தார்.

"வீரய்யா, தொண்டை நோவுது. மத்தவங்களுக்குத் தெரியாம ரெண்டு மாத்திரை தாங்களேன்."

"இப்ப நான் குடுக்கிறது இல்லைங்க, எடுக்கிறது மட்டுந்தான்" என்றார் மாமா. "ஏறுங்க. டிஸ்பென்சரி பத்து மணிக்குத் திறக்கும். நானே கூட்டிட்டுப் போறேன்."

மாமி அக்கம்பக்கம் பார்த்தார். கடை வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துவாயை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த வாரம், வீட்டுக்கு வந்திருந்த ஹில்மியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். செவிப்பறை மூடத் தொடங்கிவிட்டது என்றும், மருந்தைக் கடைசி நாள்வரை கொடுக்க வேண்டும் என்றும் டொக்டர் சொன்னார். திரும்பி வரும்போது மாமாவின் ஆட்டோவில் ஷஹ்மாவும் டிலானியும் ஒட்டி உட்கார்ந்திருக்க, உம்மாவின் மடியில் ஹில்மி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோ மேட்டில் இரைந்து ஏறியது. பக்கத்தில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது.

ஷஹ்மா டிலானியின் காதோடு குனிந்து, மிக மெதுவாகக் கிசுகிசுத்தாள்: "அந்தக் கசப்பு மருந்து இன்னும் மூணு நாளைக்கு ஈக்குது. இவனுக்கு இப்ப செல்லாதே."

ஹில்மி வெடுக்கென்று திரும்பினான்.

"மூணு நாளா? எனக்கு எல்லாம் கேக்குது!"